ஆள் இருக்கிற வீடு

1

இந்த மாசியோடு நான் லண்டனுக்கு வந்து பதினொரு வருடம் முடிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பனியைப் பற்றிச் சொல்வார்கள், பிறகு முருங்கைக்காய்க் கறியை நினைத்து அழுவார்கள். முருங்கைக்காய் எங்கள் சந்திக் கடையிலேயே கிடைக்கிறது. ஆகவே அந்த அழுகையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நான் ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். சண்டை, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் தங்கை மலர் இருக்கிற வீட்டைப் பற்றியது. அந்த வீட்டைப் பேய் வீடாக்கி இங்கே ஒருவர் புத்தகம் போட்டுவிட்டார்.

பதற வேண்டாம், முறையாகச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் மேசையைச் சுற்றி இருந்து கதைத்தே விளையாடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதைசொல்லி. "நீங்கள் ஒரு பாழடைந்த மண்டபத்தின் முன் நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் தொடங்குவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் தள்ளுகிறேன்" என்பார் ஒருவர். "நான் ஓடுகிறேன்" என்பார் புத்தியுள்ளவர். தள்ளினவர் உள்ளே என்னத்தைக் கண்டார், கண்டு பயந்தாரா, பைத்தியமானாரா என்பதைப் பத்து முகமுள்ள தாயக்கட்டைகளை உருட்டித் தீர்மானிப்பார்கள். இதில் திகில் வகைதான் என் துறை. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் போடுகிற தடித்த புத்தகங்களை நான் தொடுவதில்லை. நான் சேர்ப்பது சின்ன ஏடுகள். அவற்றை எழுதுகிற ஆட்கள் பகலில் ஒரு வேலைக்குப் போவார்கள், மாலையில் குசினி மேசையில் இருந்து தட்டச்சு செய்வார்கள், நூலகத்துப் போட்டோக்கொப்பி மெசினில் அடித்து நடுவில் இரண்டு கம்பி குத்திவிடுவார்கள். முப்பது நாற்பது பக்கம் இருக்கும். ஒரு ஏட்டில் ஒரு வீடு, அல்லது ஒரு தீவு, அல்லது ஒரு சாபம். என் கட்டிலுக்குக் கீழே முந்நூற்றுச் சொச்சம் கிடக்கின்றன. இத்தனை பேய்களின் மேல் படுத்து எழும்புகிற ஒரே தமிழன் தான்தான் என்று கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஒரு செய்தித்தாளில் இந்த ஏடுகளுக்கு நான் விமர்சனம் எழுதி வந்தேன். அதுவும் கம்பி குத்தினதுதான். அதை நடத்துகிறவர் டெனிஸ், வடக்கே ஒரு ஊரில் பள்ளிக்கூட வாத்தியார்.

2

இந்த வருத்தம், இந்தப் பேய்ப்புத்தக நோய், எனக்கு மகன் சுதனால் தொற்றியது. அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்துப் பழைய புத்தக விற்பனையில் கதைப்புத்தகம் என்று நினைத்து ஒரு கட்டு வாங்கி வந்தான். அதற்குள் இரண்டு திகில் ஏடுகள் இருந்தன. இரண்டு நாள் புரட்டிப் பார்த்தான், பிறகு பந்தடிக்கப் போய்விட்டான். ஆங்கிலம் படிக்க என்ன கிடைக்கும் என்று நான் அலைந்த காலம் அது. எடுத்து வைத்து அகராதியோடு வாசித்தேன். கடைசியில், தண்ணீர்க்குழாய் திருத்துகிறவனை ஆங்கிலத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரிய முன்பே கல்லறைக்கும் சாபத்துக்கும் சீழ் வடிகிற சுவருக்கும் எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. ஒருமுறை வயிற்றுக்கோளாறு என்று வைத்தியரிடம் போய், பெயர் சொல்லக்கூடாத ஏதோ ஒன்று என் குடலுக்குள் விழித்துக்கொண்டது என்ற கருத்தில் சொல்லிவிட்டேன். மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சுதனுக்கு இப்போது பதினாலு வயது. தாய் பேய்ப் புத்தகம் சேர்ப்பது அவனுக்கு வெட்கம். சிநேகிதர்கள் வந்தால் முதல் வேலையாக எங்கள் அறைக் கதவைச் சாத்துகிறான். தமிழ் சொன்னால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும், எழுத்து ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் முன்வாசலில் விட்டேன், அவன் பின்வாசலால் போய்விட்டான். மூன்று வயதில் ஊரை விட்ட பிள்ளை. கொக்குவில் வீட்டில் அவன் விழுந்து எழும்பிய விறாந்தை அவனுக்கு ஞாபகம் இல்லை. அதற்கு அவனை அடிக்கவா முடியும்?

ஆனால் என்னை விமர்சகர் ஆக்கியவர் ஒரு குடிவரவு அதிகாரி. வந்த அடுத்த வருடம் நேர்முகம். திரும்பிப் போனால் எதற்குப் பயப்படுகிறீர் என்று படிவத்தில் கேள்வி இருந்தது. பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் வாயால் சொல்கிறேன் என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆமி ட்ரக் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் இடப்பக்கத்தால் வந்ததா வலப்பக்கத்தால் வந்ததா என்று கேட்டார். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். அழாமல் சொன்னேன், அதுதான் பிழையாய்ப் போனது என்று நினைக்கிறேன். என் பயம் நம்பத்தகுந்ததாக இல்லை என்று பிறகு கடிதம் வந்தது. கணவரின் படிவத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்க விட்டார்கள், அது வேறு கதை.

என் பயத்துக்கு அவர்கள் புள்ளி போட்டார்கள். சரி, இப்போது அவர்களுடைய பயங்களுக்கு நான் புள்ளி போடுகிறேன். பத்துக்கு மூன்று. பத்துக்கு நாலு. ஏழுக்கு மேல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. டெனிஸ் முதல் ஒரு வருடம் எனக்கு 'மிஸ்டர்' போட்டுத்தான் கடிதம் எழுதினார். இவ்வளவு இரக்கமில்லாமல் எழுதுகிற ஆள் ஒரு பெண் என்று அவர் நினைக்கவேயில்லையாம். பகலில் ஆசுபத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிற எனக்கு, என் சொல்லை நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிற ஒரே இடம் அந்த இரண்டு பக்கம்தான்.

3

மலர் என்னைவிட ஐந்து வயது இளையவள். ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறாள். கலியாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு பார்வை வைத்திருக்கிறாள். அப்பா அம்மா போனபிறகு அந்த வீட்டில் தனியே இருக்கிறாள். இங்கே வா என்று நான் எழுதாத கடிதம் இல்லை. அவள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவாள்.

நான் ரசித்த ஏடுகளைத் தமிழில் எழுதி அவளுக்கு அனுப்பத் தொடங்கினேன். முதலில் பகிடிக்குத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கரண்ட் இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே விளையாடி முடிப்பார்கள். ரியூட்டரியில் படிப்பிக்கிற இரண்டு ரீச்சர்மார் வருவார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை அண்ணையும் வருவார். அவர் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை, ஆனாலும் பின்னேரம் சரியாக நேரத்துக்கு வருவார் என்று மலர் எழுதுவாள்.

தாயக்கட்டைகளையும் பார்சலில் வைத்து அனுப்பினேன். பார்சல் பிரித்தபடி போய்ச் சேர்ந்தது, கட்டைகள் இல்லை. வழியில் ஆமி, இயக்கம் என்று இரண்டு தரப்பும் பார்சல் பிரிப்பார்கள், எவர் எடுத்தார் என்று யாரைக் கேட்பது? மலர் பத்துப் புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் சீமெந்தில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டாள். எறிந்தால் எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை. விளையாடிய எவருக்கும் பைத்தியமே பிடிக்கவில்லை. ஏனென்றால் பைத்தியம் பிடிக்க ஒன்றுமே வெள்ளை விழாமல் போக வேண்டும், பத்துக் கொட்டை எறிந்தால் நாலு, ஐந்து, ஆறுதான் திரும்பத் திரும்ப விழும். இது பிழையான முறை என்று நான் எழுதினேன். அவள் பதில் எழுதினாள்:

"கணக்கு ரீச்சரிட்டை கணக்குச் சொல்லுறியள். எனக்கு அது தெரியும். உங்கடை ஆக்கள் ஏன் அக்கா இவ்வளவு கெதியாய் விசராகினம்? ஒரு கையைக் காணுகினம், உடம்பைக் காணேல்லை, உடனை விசர். இஞ்சை அதைக் கண்டாலும் பிறகு போய் மண்ணெண்ணைக் கியூவிலை நிக்கவேணும். புளியங்கொட்டைதான் சரி."

நான் அதையும் என் பக்கத்தில் எழுதினேன். வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

4

மாசி மாதம், நான் வந்திறங்கிய அதே தேதியில், டெனிஸிடமிருந்து ஒரு மண்ணிற உறை வந்தது. அச்சுக்குப் போகமுதல் பார்க்கத் தந்த பிரதி. எழுதினவர் டெனிஸின் சிநேகிதர், இலங்கைப் பக்கமே போகாதவர். கதை, இலங்கையின் வடக்கே கைவிடப்பட்ட ஒரு வீட்டில் நடக்கிறது. ரோர்ச் லைட் பிடித்துக்கொண்டு நாலு ஆராய்ச்சிக்காரர் அதற்குள் நுழைகிறார்கள். ஊரில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. அந்த வீட்டில் கடைசியாகத் தனியே வாழ்ந்த பெண் சித்தம் கலங்கிக் கிணற்றில் குதித்துவிட்டாள். இப்போது அவள் கிணற்றிலிருந்து ஏறி வருகிறாள்.

வழமைபோல் மூன்று புள்ளி என்று நினைத்துக்கொண்டு நாலாம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே வீட்டின் வரைபடம். ஒழுங்கைப் பக்கம் படலைக் கதவு, தனியே நிற்கிற குசினி, விறாந்தை, கிணற்றடி, பின்வளவில் கக்கூசு. எல்லாம் என் கையால் வரைந்தது. ஊரில் வீடு எப்படி இருக்கும் என்று டெனிஸ் ஒருமுறை கேட்டதற்கு எங்கள் கொக்குவில் வீட்டை நான் வரைந்து அனுப்பியிருந்தேன். "இப்போது அங்கே என் தங்கை தனியே இருக்கிறாள்" என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தேன். படத்தோடு அந்த வரியையும் சேர்த்துத்தான் அவர் சிநேகிதரிடம் கொடுத்திருக்கிறார்.

முந்நூறு ஏடு வாசித்த நான் அன்றுதான் ஒன்றைப் பாதியில் மூடி வைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். எந்த நேரமும் குண்டு போட விமானம் வரக்கூடிய ஊரில் இருக்கிற என் தங்கையைச் செத்தவளாக அச்சடிக்கப்போகிறார்கள். அச்சடித்தால் அது பலித்துவிடுமோ என்று படித்த பெண் நான் பயந்தேன்.

உறைக்குள் டெனிஸின் துண்டுக் கடிதம் ஒன்றும் இருந்தது. 'நீங்கள் அந்த ஊர்க்காரர். எல்லாம் உள்ளபடி இருக்கிறது என்று பின்னட்டைக்கு இரண்டு வரி எழுதித் தாருங்கள்.'

5

டெனிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இது உங்களுக்கு நாங்கள் செய்கிற மரியாதை என்று நினைத்தோம்" என்றார்.

"அந்த வீட்டில் ஆள் இருக்கிறது" என்றேன்.

"கற்பனைதானே. விளையாட்டுக்கு வெறும் வீடு வேண்டும்."

"உங்கள் வீட்டைப் போடுங்கள். உங்கள் மனைவியைக் கிணற்றில் போடுங்கள்."

"எங்கள் வீட்டில் கிணறு இல்லை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்றதும் குரல் மாறியது. சிநேகிதர் இதற்கு ஒரு வருடம் உழைத்திருக்கிறார், அந்த இரண்டு வரி வராவிட்டால் என் பக்கத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டி வரும் என்றார். மிரட்டுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, வருத்தப்படுகிறேன் என்றார். ஆங்கிலேயர் அப்படித்தான் மிரட்டுவார்கள்.

ஆக, கையெழுத்து வைத்தால் என் பக்கம் மிஞ்சும், மலர் கிணற்றுக்குள் கிடப்பாள். வைக்காவிட்டால் எனக்குச் சலவைக்கூடம் மட்டும்தான். கணவர் சொன்னார், "ரண்டு வரிதானே, எழுதிக் குடுத்துவிடு. உவங்கள் போடுறதை ஊரிலை ஆர் பாக்கப்போகினம்?" அன்று அவருக்குக் கறியில்லாமல் சோறு மட்டும் போட்டேன்.

சுதன் மேசையில் கிடந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தான். நல்லாய்க் கீறியிருக்கிறார்கள் என்றான். பிறகு கேட்டான், ஆங்கிலத்தில்: "ஆனால் அம்மா, அங்கே இப்போது ஒருவரும் இல்லைத்தானே?"

"சித்தி இருக்கிறா" என்றேன்.

"ஓம், மறந்துபோனேன்" என்றான்.

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டெனிஸின் சிநேகிதருக்கு என் தங்கையைத் தெரியாது, அவர் கொன்றதில் ஒரு நியாயம் உண்டு. என் வயிற்றில் பிறந்தவனுக்கும் அந்த வீடு வெறும் வீடுதான். குசினிக்குள் போய் அழுதேன். அழமாட்டேன் என்று மேலே எழுதினேன், இந்த ஒரு தடவையைக் கழித்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம் போகிற ஒருவர் கையில் அந்த ஏட்டின் பிரதியை மலருக்குக் கொடுத்துவிட்டேன், நானே தமிழில் எழுதி. உன்னைக் கேட்காமல் இவர்களுக்கு ஒரு பதிலும் சொல்லமாட்டேன் என்று மேலே ஒரு குறிப்பு வைத்தேன். டெனிஸ் 'அடுத்த கிழமை அச்சு' என்றார். அவர்களுடைய அடுத்த கிழமை எப்படியும் இரண்டு மாதம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும்.

6

பதில் ஆறு கிழமைக்குப் பிறகு வந்தது. மலர் கதைக்கிற மாதிரியே எழுதுவாள். அப்படியே தருகிறேன்.

"அக்காவுக்கு, புத்தகம் கிடைச்சது. ஞாயிற்றுக்கிழமை விளையாடினம். நான்தான் கதைசொல்லி. எழுதினபடிதான் வாசிச்சனான், ஒரு சொல்லும் மாத்தேல்லை. 'நீங்கள் நாலு பேரும் கைவிட்ட வீட்டுக்கு முன்னாலை நிக்கிறியள், என்ன செய்யிறியள்?' எண்டு கேட்டன். பொன்னுத்துரை அண்ணை யோசிக்கேல்லை. 'படலையைத் தட்டிப்போட்டு, வீட்டுக்காரர், வீட்டுக்காரர் எண்டு கூப்பிடுறம்' எண்டார்.

"நான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்தன். கதவை உடைச்சால் என்ன, யன்னலாலை ஏறினால் என்ன, கூரை ஓட்டைக் கழட்டினால் என்ன எண்டு எல்லாத்துக்கும் பதில் கிடக்குது. கூப்பிட்டால் என்ன எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. 'அண்ணை, அது ஆளில்லாத வீடு' எண்டன். 'ஆளில்லை எண்டு கூப்பிட்டுப் பாத்தால்தானே பிள்ளை தெரியும். கூப்பிடாமல் உள்ளடுறதுக்கு நாங்கள் என்ன கள்ளரோ, ஆமியோ?' எண்டு கேட்டார். மற்ற ரண்டு ரீச்சர்மாரும் அதுதானே எண்டு தலையாட்டினம். அதுக்குப் பிறகு என்ன சொன்னாலும் அவை நிண்ட இடத்தை விட்டு அரக்கேல்லை. கால் மணித்தியாலமாய்ப் படலையடியிலை நிண்டு கூப்பிட்டுக்கொண்டே நிண்டினம்.

"எனக்குப் பொறுக்கேல்லை அக்கா. 'ஓம், வாறன், நில்லுங்கோ, நாய் அவிட்டுவிட்டிருக்கு' எண்டு சொல்லிப்போட்டன். தன்பாட்டிலை வாயிலை வந்திட்டுது. அதோடை விளையாட்டு முடிஞ்சுது. ஆள் இருக்கிற வீட்டிலை பேய்க்கு என்ன அலுவல்? எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடிச்சினம். மெய்யான தேத்தண்ணி. சீனி இல்லை, பனங்கட்டி.

"இன்னொண்டு. பேயைக் கிணத்துக்குள்ளை வைச்சிருக்கினம். ஒரு நாளைக்கு நாப்பது வாளி அள்ளுறன், அந்தக் கிணத்துக்கு ஆர் பயம்? பயப்பிடுற இடம், பிளேன் வந்தால் ஓடிப்போய்ப் பதுங்கிற பங்கர் குழி. அதை வெட்டினது நீங்கள் போனாப்பிறகு, அதாலை உங்கடை படத்திலை இல்லை. பங்கர் இல்லாத வீடு என்ரை வீடில்லை. அதுசரி, படத்தைக் குடுக்க முன்னம் என்னை ஒரு சொல்லுக் கேட்டனியளே? நீங்களும் கூப்பிடாமல்தான் உள்ளட்டனீங்கள்."

கடைசி வரி எனக்குச் சுட்டது. சுட வேண்டியதுதான்.

7

அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன், என்னைப் பற்றிய வரியையும் விடாமல். மேலே ஏட்டின் பெயரைப் போட்டேன், கீழே பத்துக்குப் பூச்சியம் போட்டேன், இதுதான் என் விமர்சனம், ஒரு சொல்லும் வெட்டக்கூடாது என்று டெனிஸுக்கு அனுப்பினேன். டெனிஸ் கெட்டவர் இல்லை. வாசித்துச் சிரித்தேன், பிறகு சங்கடமாக இருந்தது என்று எழுதினார். ஆனாலும் இது விமர்சனம் இல்லை, சொந்த விஷயம், போட முடியாது என்றார். ஏடு வெளிவந்துவிட்டது, பின்னட்டையில் என் இரண்டு வரி இல்லாமல். என் பக்கத்தை இப்போது வேறொருவர் எழுதுகிறார். எல்லாருக்கும் எட்டுப் புள்ளி கொடுக்கிறார். வாழ்க.

நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தீர்களா? என் குசினியிலும் மேசை இருக்கிறது. நூலகத்துப் போட்டோக்கொப்பி மெசினுக்கு முன்பதிவுப் படிவம் நிரப்பியாயிற்று. 'என்ன தேவைக்கு' என்ற இடத்தில் 'வீடு திருத்துவதற்கு' என்று எழுதினேன். பொறுப்பாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். மலரிடம் இந்த முறை கேட்டுத்தான் செய்கிறேன். பங்கரை எங்கே, எத்தனை அடிக்குப் போடவேண்டும் என்று அவளே அளந்து அனுப்பியிருக்கிறாள். வருகிறவர்கள் படலையில் நின்று கூப்பிட வேண்டும், கூப்பிடாமல் உள்ளே போகிறவர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டு விலக வேண்டும். முதல் விதி அதுதான். திகில் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் இருக்கிற வீட்டுக்கு மேலே விமானம் வருகிறது. அந்தப் பயத்துக்கு நீங்கள் புள்ளி போட்டுப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மலரின் கடிதத்தைச் சுதனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்கமாட்டேன் என்று எழும்பினவன், பொன்னுத்துரை அண்ணை கூப்பிட்ட இடத்தில் நின்றுவிட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். திரும்பவும் வாசிக்கச் சொன்னான். பிறகு தமிழில் கேட்டான்: "அம்மா, அந்த நாய்க்கு என்ன பேர்?"

எனக்குத் தெரியவில்லை. நான் வெளிக்கிட்டபோது அந்த வீட்டில் நாய் இல்லை. பதினொரு வருடமாக அந்த வீட்டைப் பற்றிக் கதைக்கிறேன், இங்கே எல்லாருக்கும் அதை நானே வரைந்து காட்டினேன், என் பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மலருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். தபால் எப்போது போய், எப்போது திரும்பி வருமோ? சுதன் பள்ளியால் வந்தவுடன் கடிதம் வந்ததா என்று கேட்கிறான். நாயின் பெயருக்கு இடம் விட்டபடி ஏடு மேசையில் கிடக்கிறது. அதை நிரப்பாமல் அடிக்க மாட்டேன்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது கொக்குவில் பக்கம் போனால், மலர் ரீச்சர் வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள். படலையில் நின்று கூப்பிடுங்கள். இரண்டு தரம் கூப்பிட வேண்டி வரலாம், அவள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்பாள். முதலில் நாய் வரும். பிறகு அவள் வருவாள்.